டாக்டரம்மா பதில்கள்: வால்வு ஆபரேஷன் ஆனவங்க ஏடிஹெச்டி மாத்திரை சாப்பிடலாமா?

இந்த தடவ வந்த லெட்டர்கள்ல அஞ்சு ஒரே விஷயத்த சுத்தியே இருந்துச்சு. ஹார்ட் வால்வு ஆபரேஷன் ஆனவங்க, கவனம் நிக்காததுக்கு குடுக்கிற மாத்திரைய சாப்பிடலாமா கூடாதா. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேரு ஊரு அடையாளம் தெரியாம மாத்திருக்கேன்.

மன்னார்குடி பக்கத்து கிராமத்துலேருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் பையனுக்கு 23 வயசு. சின்ன வயசுலேருந்தே ஒரு இடத்துல உக்கார மாட்டான், நோட்ட தொலைப்பான், கடைக்கு அனுப்புனா எதுக்கு போனோம்னே மறந்துட்டு வருவான். 16 வயசுல மனநல டாக்டர்ட்ட காமிச்சப்ப ஏடிஹெச்டின்னு சொல்லி மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை குடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் ப்ளஸ் டூவே பாஸ் பண்ணான். 21 வயசுல மாடி ஏறினா மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. எக்கோ எடுத்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போச்சுன்னாங்க. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல ஆபரேஷன் பண்ணி மெட்டல் வால்வு வச்சாச்சு, இப்ப 14 மாசம் ஆகுது. ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை, மெட்டோப்ரோலால், மூணு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி ஓடுது. ஆபரேஷன் சமயத்துல அந்த கவன மாத்திரைய நிறுத்தினதுதான், திருப்பி யாரும் ஆரம்பிக்கல, நாங்களும் கேக்கல. டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறேன்னு உக்காருறான், அரை மணி நேரம் ஒரே பக்கத்த பாத்துக்கிட்டு இருக்கான். போன மாசம் மட்டும் அசிட்ரோம நாலு நாள் மறந்துட்டான். பழைய மாத்திரைய கேக்கலாமான்னா அவங்க அப்பா, நெஞ்ச அறுத்து தச்ச புள்ளைக்கு வேகம் ஏத்துற மாத்திரையான்னு சத்தம் போடுறாரு. அந்த மாத்திரை சாப்பிட்டதாலதான் வால்வே கெட்டுச்சோன்னு எனக்கு ராத்திரில தூக்கமே இல்ல.

பதில்:

அக்கா, நீங்க கடைசியா எழுதினத முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா அதுதான் உங்கள தூங்க விடாம பண்ணுது. அந்த மாத்திரையால வால்வு கெடல. நம்ம ஊர்ல இந்த வயசுல மைட்ரல் வால்வு சுருங்கிப்போறதுக்கு பெரும்பாலும் காரணம் ருமேட்டிக் காய்ச்சல்தான், அதுக்காகத்தான் தம்பிக்கு பெனிசிலின் ஊசியே போடுறாங்க. அஞ்சு வயசுலேருந்து பதினஞ்சு வயசுக்குள்ள தொண்டைல ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு ஒரு கிருமி வந்து வெறும் தொண்டை வலி மாதிரி போயிடும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஜுரம் வந்து முட்டி வீங்கும், அதுவும் நாலு நாள்ல இறங்கிடும், ஆனா உள்ள வால்வு மேல தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கும். அந்த தழும்பு வருஷக்கணக்குல இறுகி இறுகி இருபது வயசுல மூச்சு வாங்குறப்பதான் வெளில தெரியுது. மாத்திரையால வால்வு கெடும்னு நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருந்தா அது ஃபென்ஃப்ளூரமின்னு உடம்பு இளைக்க குடுத்த வேற ஒரு மருந்து, வால்வு கெடுதுன்னு தெரிஞ்சு 1997ல அமெரிக்காவுல அத வாபஸ் வாங்கினாங்க. உங்க பையன் சாப்பிட்டது அது இல்ல. அப்பவே தொண்டை வலிக்கு ஊசி போட்டிருக்கலாமேன்னு அடுத்து உங்களையே நொந்துக்க ஆரம்பிச்சுடாதீங்க, அந்த தொண்டை வலி டாக்டர் வீட்டு புள்ளைக்கு வந்தாலும் நிறைய தடவ கண்டுபிடிக்காம போறதுதான்.

இப்ப உங்க லெட்டர்ல எனக்கு பகீர்னு இருந்த வரிக்கு வர்றேன். கவன மாத்திரைய பத்தின வரி இல்ல அது. நாலு நாள் அசிட்ரோம் மறந்துட்டான்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அது.

அக்கா, மெட்டல் வால்வுங்கறது நம்ம ரத்தத்துக்கு வேத்து ஆளு. அது மேல பட்டா ரத்தம் உறையப் பாக்கும், உறைய விடாம புடிச்சு வச்சிருக்கிறது அசிட்ரோம்தான். ரத்தம் உறைய எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் அளவுக்கு பேரு ஐஎன்ஆர், மைட்ரல் எடத்துல மெட்டல் வால்வு இருந்தா அது பொதுவா 2.5லேருந்து 3.5க்குள்ள இருக்கணும்பாங்க. நாலு நாள் விட்டா அது மளமளன்னு எறங்கிடும். வால்வுல கட்டி புடிச்சா வால்வு சரியா தெறக்காது, அதுலேருந்து ஒரு துணுக்கு பிச்சிக்கிட்டு மூளைக்கு போனா பக்கவாதம். அதனால இங்க ரெண்டு தட்டையும் பாக்கணும். கவன மாத்திரை சாப்பிட்டா ஹார்ட்டுக்கு என்ன ஆகும்ங்கறது ஒரு தட்டு. கவனமே இல்லாம இருந்தா அந்த வால்வுக்கு என்ன ஆகும்ங்கறது இன்னொரு தட்டு. எல்லா வீட்டுலயும் முதல் தட்ட மட்டும் பாத்து பயந்துட்டு, மாத்திரை குடுக்கலன்னா புள்ள பத்திரமா இருக்கான்னு நெனச்சுக்கறாங்க. மறதிதான் அவனோட வியாதியே, அந்த மறதிதான் தெனம் ராத்திரி அசிட்ரோம் டப்பா முன்னாடி வந்து நிக்குது. இத ஹார்ட் டாக்டர்கிட்ட இதே வார்த்தைல சொல்லுங்க. ‘படிப்பு வரல, மாத்திரை வேணும்’னு சொன்னா அவரு வேண்டாம்னுதான் சொல்லுவாரு, ‘மாசத்துல நாலு நாள் அசிட்ரோம் மறக்குறான்’னு சொன்னா நிமிந்து உக்காந்து கேப்பாரு.

அவங்க அப்பா பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு, அத தள்ளிவிட முடியாது. மெத்தில்ஃபெனிடேட் மூளைல டோபமினையும் நார்அட்ரினலினையும் கூட்டுது, அதனால கவனம் நிக்குது, ஆனா அந்த நார்அட்ரினலின் மூளையோட நின்னுடாது, ஹார்ட்டையும் கொஞ்சம் முடுக்கும். பெரியவங்கள்ல சராசரியா பாத்தா நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 3லேருந்து 6 வரைக்கும் கூடும், பிபி 2லேருந்து 4 பாயிண்ட் வரைக்கும் கூடும். கேக்க கம்மியாதான் இருக்கு, ஆனா சராசரின்னா சிலருக்கு ஒண்ணுமே ஏறாது, சிலருக்கு நல்லாவே ஏறும். 2011ல அமெரிக்காவுல சின்ன பசங்க, பெரியவங்கன்னு லட்சக்கணக்கான பேரோட கணக்க எடுத்து பாத்தப்ப இந்த மாத்திரைகளால மாரடைப்பு, திடீர் மரணம் கூடினதா தெரியல. ஆனா அவங்கள்ல பெரும்பாலும் சாதாரண ஹார்ட் உள்ளவங்க. உங்க பையன் மாதிரி நெஞ்சுல மெட்டல் வச்சவங்களுக்கு அந்த கணக்க அப்படியே தூக்கி போட முடியாது. இதயத்தோட அமைப்புலயே பெரிய கோளாறு இருந்தா தவிர்க்கணும்னு மருந்தோட குறிப்புலயே எச்சரிக்கை இருக்கு.

மைட்ரலுக்கு மட்டும் வேகம் ஏன் இவ்ளோ முக்கியம்னு கேட்டா நம்ம வாய்க்கால் மதகையே நெனச்சுக்கோங்க. ஷட்டர் தெறந்திருக்கிற நேரத்துலதான் வயலுக்கு தண்ணி பாயும். மைட்ரல் வால்வும் ரெண்டு துடிப்புக்கு நடுவுல தெறந்திருக்கிறப்பதான் ரத்தம் கீழ் அறைக்கு எறங்குது. துடிப்பு வேகமாச்சுன்னா தெறந்திருக்கிற நேரம் கொறையும், கீழ எறங்காத ரத்தம் பின்னாடி நுரையீரல் பக்கம் தேங்கும். புது வால்வு பழைய சுருங்கின வால்வ விட எவ்ளவோ மேல், ஆனா பொறந்தப்ப சாமி குடுத்த வால்வு அளவுக்கு அகலமா தெறக்காது. அதுக்குத்தான் மெட்டோப்ரோலால் குடுத்து வேகத்த கட்டுப்படுத்தி வச்சிருக்காங்க.

அப்ப குடுக்கவே கூடாதா? அப்படி இல்ல அக்கா. இதுல கூடும் கூடாதுங்கறத முடிவு பண்றது வால்வு மாத்தினாங்கங்கற ஒரே விஷயம் இல்ல, மாத்தினதுக்கப்புறம் ஹார்ட் இப்ப எப்படி இருக்குங்கறதுதான். புதுசா ஒரு எக்கோ பாக்கணும், அதுல புது வால்வுக்கு ரெண்டு பக்கமும் அழுத்தம் எவ்ளோ இருக்கு, பம்பிங் எத்தன பர்சன்ட், நுரையீரல் பிரஷர் எறங்கியிருக்கான்னு தெரியும். ஈசிஜில துடிப்பு ஒழுங்கா வருதா இல்ல ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு தாறுமாறா அடிக்குதான்னு பாக்கணும், மைட்ரல் நோயாளிங்களுக்கு அது நிறைய வரும். நடுவுல எப்பவாவது படபடன்னு வந்துச்சா, மயங்கி விழுந்தானா, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிட்டாங்களான்னு கேப்பாங்க, மறைக்காம சொல்லுங்க. தேவைன்னா 24 மணி நேரம் ஒரு சின்ன மிஷின மாட்டி துடிப்ப பதிவு பண்ணுவாங்க. பம்பிங் கொறைவா இருக்கு, துடிப்பு கட்டுக்குள்ள இல்ல, நுரையீரல் பிரஷர் இன்னும் ஏறியே இருக்குன்னா ஹார்ட் டாக்டர் வேண்டாம்னு சொல்லுவாரு, அத கேட்டுக்கணும். எல்லாம் நல்லா இருந்தா கொறஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு நாடியையும் பிபியையும் பாத்து பாத்து ஏத்துறது நடக்கிற விஷயம்தான். அவன் ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம் ஆயிடுச்சு, அது நல்லது, நெஞ்செலும்பு கூடவே எட்டுலேருந்து பன்னெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள யாராவது கேட்டா நான் பொறுங்கன்னுதான் சொல்லுவேன்.

இதுல நெறைய பேருக்கு தெரியாத ஒண்ணு இருக்கு, பேனா எடுத்து எழுதி வச்சுக்கோங்க. மெத்தில்ஃபெனிடேட் சில பேருக்கு அசிட்ரோம், வார்ஃபரின் வகை மருந்துங்க உடம்புல கரையற வேகத்த கொறைக்கலாம். அதாவது அதே அசிட்ரோம் டோஸ்க்கு ஐஎன்ஆர் கூடிடலாம். அதனால அத ஆரம்பிச்ச ஒரு வாரத்துல ஒரு ஐஎன்ஆர், டோஸ் மாத்தறப்ப ஒண்ணு, நிறுத்தினாலும் ஒண்ணு. நிறுத்தறப்ப எதுக்குன்னு கேப்பீங்க, கூடியிருந்தது அப்ப கீழ வரும்ல, அதுக்கு. ரத்த டெஸ்ட் பாக்காம இவனா நாலு நாள் சாப்பிட்டு நாலு நாள் விடறதுதான் எல்லாத்துலயும் மோசம்.

அட்டோமாக்ஸிட்டின்னு இன்னொரு மாத்திரையும் இருக்கு, அது வேற வகை, ஐஎன்ஆர இது மாதிரி தொந்தரவு பண்ணாது, ஆனா நாடியையும் பிபியையும் அதுவும் ஏத்தும், முழுசா வேலை செய்ய நாலஞ்சு வாரம் ஆகும், ஆரம்பத்துல இளவட்டங்களுக்கு மனசு ரொம்ப சோர்ந்து போகுதா, தற்கொலை நெனப்பு வருதான்னு வீட்டுல கவனிக்கணும். குளோனிடின்னு ஒண்ணு பிபிய எறக்கி துடிப்பையும் மெதுவாக்கும், ஏற்கனவே மெட்டோப்ரோலால் ஓடுறதால அத சேக்கறதுக்கும் ரொம்ப நிதானம் வேணும், திடீர்னு நிறுத்துனா பிபி எகிறிடும். மறதிக்காரனுக்கு திடீர்னு நிறுத்தக்கூடாத மாத்திரைய குடுக்கறதுக்கு முன்னாடி நானா இருந்தா ரெண்டு தடவ யோசிப்பேன்.

ஒரு விஷயம் மனசு விட்டு சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்துக்கிட்டிருந்த ஒரு பொண்ணு, அதுக்கும் மெட்டல் வால்வுதான், ரெண்டு வருஷமா ஐஎன்ஆர் கோடு போட்ட மாதிரி நின்னுச்சு, திடீர்னு ஒரு நாள் பல்லு வெளக்கறப்ப துப்புனது எல்லாம் ரத்தம்னு வந்துச்சு. ஐஎன்ஆர் தாறுமாறா ஏறியிருந்துச்சு. கீரைய நிறுத்திட்டியா, நாட்டு மருந்து சாப்பிட்டியா, வலி மாத்திரை போட்டியான்னு எல்லாம் கேட்டேன், இல்ல இல்லன்னுச்சு. அதோட அத்தைதான் தயங்கி தயங்கி மஞ்சப்பைலேருந்து ஒரு அட்டைய எடுத்து நீட்டினாங்க. ஃபுளுவாக்ஸிட்டின். மனநல டாக்டர்கிட்ட போனது புருஷன் வீட்டுக்கு தெரியக்கூடாதுன்னு பீரோவுல புடவைக்கு அடில அந்த சீட்ட வச்சிருக்கு, ஹார்ட் ஃபைல் மட்டும் என்கிட்ட வரும். அந்த மாத்திரை அசிட்ரோமோட சேந்தா ரத்தக்கசிவு கூடும். அந்த பொண்ணு சொல்லல, ஆனா நானும் ‘மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா’ன்னு ஒரு வார்த்தை அதுவரைக்கும் கேட்டதில்ல, அது என் தப்பு. நல்லவேளை பொழச்சுக்கிச்சு. அன்னிலேருந்து வால்வு வச்சவங்க யாரு வந்தாலும் இந்த கேள்விய கேக்காம நான் சீட்டு எழுதறதில்ல.

அதனால உங்க பையனுக்கு ரெண்டு ஃபைல் வேண்டாம் அக்கா, ஒரே நோட்டு போடுங்க. முதல் பக்கத்துல என்ன வால்வு, எந்த எடத்துல, என்ன சைஸ், ஆபரேஷன் தேதி, இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரில இருக்கும். சித்ரா வால்வுன்னு போட்டிருந்தா அது திருவனந்தபுரத்துல டாக்டர் வலியத்தான் தலைமைல நம்ம நாட்டுலயே உருவாக்கி 1990ல முதல் தடவ ஒரு நோயாளிக்கு வச்ச வால்வு, பயப்பட ஒண்ணுமில்ல. அடுத்த பக்கத்துலேருந்து தேதி, ஐஎன்ஆர், அசிட்ரோம் டோஸ், காலைல உக்காந்து எடுத்த நாடி, பிபி. மனநல டாக்டர்கிட்ட போனாலும் இதே நோட்டு, ஹார்ட் டாக்டர்கிட்ட போனாலும் இதே நோட்டு, மனநல டாக்டர் எழுதுற மாத்திரைக்கு கீழயே ஹார்ட் டாக்டர ஒரு வரி எழுத சொல்லுங்க. தயங்காம கேளுங்க, நல்ல டாக்டர் யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

இதெல்லாம் முடிவாகறதுக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் அசிட்ரோம் மறக்கக்கூடாது, இத இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க. மெடிக்கல்ல கிழமை போட்ட மாத்திரை டப்பா கிடைக்கும், ஞாயித்துக்கிழமை நீங்களே உக்காந்து ரொப்புங்க. அத மேசைல வைக்காதீங்க, அவன் ராத்திரி சாப்பிடுற தட்டுலயே வைங்க, மாத்திரைய எடுக்காம சோறு போட முடியாத மாதிரி. ஃபோன்ல அலாரம் வச்சா இந்த புள்ளைங்க கைய நீட்டி அமத்திட்டு மறந்துடும், அதனால அலாரம் உங்க ஃபோன்லயும் அடிக்கட்டும். ஒரு வேள மறந்துட்டா அன்னிக்கே ராத்திரிக்குள்ள நெனப்பு வந்தா போட்டுக்கலாம், அடுத்த நாள் நெனப்பு வந்தா ரெண்டா சேத்து போடக்கூடாது, நோட்டுல எழுதி வச்சுட்டு டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. முருங்கைக்கீரை, பசலை எல்லாம் விலக்கே இல்ல, வாரத்துக்கு இவ்ளோன்னு ஒரே அளவா இருக்கணும், ஆடி மாசம் பூரா விரதம் இருந்துட்டு அடுத்த வாரம் தெனம் கீரைன்னு போனாதான் ஐஎன்ஆர் ஆட்டம் போடும். பெனிசிலின் ஊசி, வால்வுதான் மாத்தியாச்சேன்னு நிறுத்திடாதீங்க, மத்த வால்வுங்க இருக்கு.

கடைசியா, ராத்திரில அவன் பக்கத்துல படுத்தா டிக் டிக்னு ஒரு சத்தம் கேக்கும்ல, கடிகாரம் மாதிரி, அது வால்வு மூடுற சத்தம். உங்களுக்கு அது பழகியிருக்கும். அந்த சத்தம் மழுங்கிப்போனா, இல்ல கேக்கவே இல்லைன்னா, கூடவே மூச்சு வாங்கினா, வாய் கோணி பேச்சு கொழறினா, ஒரு கை கால் துவண்டா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108க்கு அடிங்க.

கும்பகோணத்துலேருந்து ஒரு ஐயா, வயசு 48, ஜவுளிக்கடைல கணக்கு பாக்குறாரு:

மூணு மாசம் முன்னாடி அயோர்ட்டிக் வால்வு மாத்தினாங்க. அதுக்கப்புறம் கணக்கு ஓடவே மாட்டேங்குது, கூட்டினத திருப்பி கூட்டுறேன், வாடிக்கையாளர் பேரு மறந்து போகுது. ஒரு வீடியோல ஏடிஹெச்டி அறிகுறி சொன்னாங்க, எல்லாம் எனக்கு பொருந்துது. அந்த மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்:

வேண்டாம் அண்ணே, இப்போதைக்கு வேண்டாம். ஏடிஹெச்டிங்கறது 45 வயசுக்கு மேல புதுசா மொளைக்கற விஷயம் இல்ல, பன்னெண்டு வயசுக்கு முன்னாடியே அதோட அடையாளம் இருந்திருக்கணும். உங்க அக்காவோ அம்மாவோ இருந்தா கேட்டு பாருங்க, பள்ளிக்கூடத்துல எப்படி இருந்தேன்னு. முப்பது வருஷம் ஜவுளிக்கடை பேரேட்ட கட்டி காப்பாத்தினவருக்கு இப்ப திடீர்னு வருதுன்னா காரணம் வேற எங்கயோ இருக்கு.

ஆபரேஷன் அப்ப ஹார்ட்ட நிறுத்திட்டு ஒரு மிஷின்தான் உங்க ரத்தத்த ஓட்டிச்சு. அதுக்கப்புறம் சில மாசத்துக்கு யோசனை மந்தமா இருக்கிறது, பேரு வராம போறது நெறைய பேருக்கு இருக்கு, பெரும்பாலும் மெள்ள மெள்ள சரியாகும். கூடவே ரத்தசோகை இருக்கான்னு ஹீமோகுளோபின் பாருங்க, தைராய்டு பாருங்க, முக்கியமா துடிப்பு சரியாக அமியோடரோன் குடுத்திருந்தா தைராய்ட கட்டாயம் பாக்கணும், அது தைராய்ட கலைச்சு விடும். ராத்திரி தூக்கம் எப்படி, நெஞ்சு வலில நடுவுல முழிப்பு வருதா? இன்னொண்ணு, இத்தன பெரிய ஆபரேஷனுக்கப்புறம் காரணமில்லாம அழுகை வர்றது, எதுலயும் பிடிப்பில்லாம இருக்கிறது ரொம்ப சகஜம், ஆம்பளைங்க அத கவனம் இல்லன்னுதான் சொல்லுவாங்க, மனசு சரியில்லன்னு வாய்ல வராது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, போக கூச்சமா இருந்தா 14416ன்னு டெலி மானஸ் நம்பர், ஃபோன்லயே தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

கணக்கு தப்புறதால கடைல அஞ்சாறு டிகிரி காபி போட்டுக்கிட்டு சமாளிக்கிறீங்களோன்னு ஒரு சந்தேகம், கும்பகோணம்ங்கறதால கேக்கறேன். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு போதும். அதுக்கு மேல போனா படபடப்பும் தூக்கக்கேடும்தான் மிச்சம், அப்புறம் அதையும் கவனக்குறைவுன்னு நெனப்பீங்க. பெரிய தொகை கணக்க கொஞ்ச நாளைக்கு காலைலயே முடிச்சுடுங்க, சாயங்காலம் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தா அப்ப எழுதுங்க.

திருத்துறைப்பூண்டிலேருந்து ஒரு வாசகர்: எங்க ஊர் மெடிக்கல்ல மெத்தில்ஃபெனிடேட் இல்லேங்குறாங்க, ஒரு கடைல ரெண்டு சீட்டு கேக்குறாங்க. ஏதோ போதை மருந்து கேட்ட மாதிரி பாக்குறாங்க.

பதில்: அவங்க கேக்கறது சட்டம் தம்பி, உங்கள அவமானப்படுத்த இல்ல. அந்த மருந்து ஷெட்யூல் எக்ஸ்னு கட்டுப்பாடு அதிகமா உள்ள மருந்துங்க பட்டியல்ல இருக்கு. டாக்டர் ரெண்டு காப்பி எழுதணும், கடைக்காரர் ஒண்ண வாங்கி ரெண்டு வருஷம் வச்சிருக்கணும், அதுக்கு தனி லைசென்ஸ் வேணும், அதனாலதான் சின்ன கடைங்க வைக்கறதில்ல. தஞ்சாவூர், திருச்சில மனநல டாக்டர் இருக்கிற எடத்துக்கு பக்கத்து கடைங்கள்ல கேளுங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோன்ல ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டு போங்க. தீந்துபோற அன்னிக்கு ஓடாதீங்க, ஒரு வாரம் கையிருப்பு இருக்கறப்பவே போங்க. சீட்டு இல்லாம தர்றேன்னு யாராவது சொன்னா அந்த கடைப்பக்கமே போகாதீங்க.

நாகப்பட்டினத்துலேருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரருக்கு வச்சது டிஷ்யூ வால்வு, அசிட்ரோம மூணு மாசத்துல நிறுத்திட்டாங்க. அப்ப அவருக்கு இந்த மாத்திரை தாராளமா குடுக்கலாம்தானே?

பதில்: தாராளமான்னு சொல்ல மாட்டேன்மா. பன்னியோட வால்வுலயோ மாட்டோட இதய உறைலயோ செய்யறது டிஷ்யூ வால்வு, அதுக்கு ஆயுசு பூரா அசிட்ரோம் தேவைப்படாது, அதனால நான் மேல சொன்ன ஐஎன்ஆர் தகராறு உங்களுக்கு இல்ல, அது பெரிய நிம்மதிதான். ஆனா நாடி, பிபி ஏறுற விஷயம் அப்படியேதான் இருக்கு. எக்கோ, ஈசிஜி, ஹார்ட் டாக்டரோட ஒரு வரி, இது அவருக்கும் வேணும். வருஷங்கள் ஓட ஓட டிஷ்யூ வால்வு இறுகும், அதனால போன வருஷம் சரின்னாங்களேன்னு விட்டுடாம வருஷா வருஷம் எக்கோ பாத்துட்டு மாத்திரைய தொடருங்க.

தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கி படிக்கிற ஒரு பொண்ணு, வயசு 20:

மேம், எனக்கு ஏழு வயசுல வால்வு ரிப்பேர் பண்ணியிருக்காங்க, இப்ப மாத்திரை எதுவும் இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவ செக்கப், மூணு வருஷமா அதுக்கும் போகல. ரூம்மேட்டுக்கு ஏடிஹெச்டி, அவ மாத்திரைய செமஸ்டர் அப்ப மூணு நாள் வாங்கி போட்டேன். ராத்திரி பூரா படிச்சேன், முதல் தடவையா படிச்சது மண்டைல நின்னுச்சு. ஆனா மூணாவது நாள் நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சு கை நடுங்குச்சு, படியில உக்காந்துட்டேன். வீட்டுக்கு தெரிஞ்சா காலேஜ நிறுத்திடுவாங்க. எனக்கும் ஏடிஹெச்டி இருக்குமோ?

பதில்:

கண்ணு, நீ எழுதினது ரொம்ப நல்லது, திட்ட மாட்டேன். ஆனா அந்த மாத்திரைய இனி ஒண்ணு கூட தொடாதே, பாதி கூட வேண்டாம். உன் ரூம்மேட்டுக்கு அவளோட டாக்டர் எடை, பிபி எல்லாம் பாத்து எழுதின டோஸ் அது, உன் நெஞ்சுல ஒரு தழும்பு இருக்குங்கறது அந்த டாக்டருக்கு தெரியாது. ரிப்பேர் பண்ண வால்வு பதிமூணு வருஷத்துல மறுபடி கசிய ஆரம்பிச்சிருக்கலாம், சுருங்கியிருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம், எக்கோ எடுக்காம எனக்கும் தெரியாது உனக்கும் தெரியாது. மூணு வருஷமா நீ செக்கப் போகாததுதான் எனக்கு கவலையா இருக்கு.

மாத்திரை போட்டதும் படிப்பு ஏறுச்சுங்கறதால உனக்கு ஏடிஹெச்டின்னு ஆகிடாது. அந்த மாத்திரை போட்டா ராத்திரி முழிக்கற தெம்பு யாருக்கும் வரும். அதே சமயம் முதல் தடவையா மண்டைல நின்னுச்சுன்னு எழுதியிருக்க பாரு, அந்த வார்த்தைய நான் லேசா எடுத்துக்கல. சின்ன வயசுலேருந்து உக்காந்து படிக்க முடியாம தவிச்சிருந்தா, உன்ன எல்லாரும் சோம்பேறின்னு திட்டியிருந்தா, அத ஒரு மனநல டாக்டர்கிட்ட உக்காந்து முழுசா சொல்லு. இருக்குன்னு ஆச்சுன்னா உன் ஹார்ட்டுக்கு ஏத்த வழி பாத்து செய்வாங்க. அதுக்கு முதல்ல உன் ஹார்ட் எப்படி இருக்குன்னு தெரியணும்.

திங்கக்கிழமை காலைல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போ, ஹார்ட் ஓபில காமி. உன் பழைய ஆபரேஷன் பேப்பர் வீட்டுல இருக்கும், அம்மாகிட்ட ஃபோன் பண்ணி செக்கப் போறேன், அந்த பேப்பர ஃபோட்டோ எடுத்து அனுப்புன்னு கேளு, அது பொய் இல்ல, நிஜமாவே செக்கப்தான் போற. டாக்டர்கிட்ட மட்டும் மூணு நாள் என்ன மாத்திரை, எத்தன மில்லிகிராம் போட்டேன்னு ஒண்ணு விடாம சொல்லு, ரூம்மேட் அட்டைய ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோ. இன்னிக்கே அந்த படபடப்பு மறுபடி வந்தா, மயக்கம் வர்ற மாதிரி இருந்தா, நெஞ்சு இறுக்குனா திங்கக்கிழமைக்கு காத்திருக்காதே, வார்டன எழுப்பு, எமர்ஜென்சிக்கு போ. எக்கோ ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுது, அத வச்சுக்கிட்டு உங்க அம்மாகிட்ட மத்தத எப்படி சொல்றதுன்னு சேந்து யோசிக்கலாம்.